மூன்று மொட்டைத் தலைகளும் ஒரு தப்பான கட்டுரையும்

ஆறு, குளம், மரம், பறவை பற்றி எழுதப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சி முகாமில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். எனக்குப் பேச வராது. எழுதித் தருகிறேன், உங்களில் குரல் நன்றாக இருக்கிற யாராவது வாசித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வாசிக்கும்போது நான் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பறவைகளை எப்படி எண்ணுவது, தண்ணீரை எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்லப் போவது நான் செய்த ஒரு தப்பை. இந்த வேலையில் நான் நிறைய தப்புகள் செய்திருக்கிறேன். ஆனால் ஓர் ஊரையே கூட்டி வைத்து மைக் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டி வந்த தப்பு இது ஒன்றுதான்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலையில் இருந்தேன். சின்னச் சின்ன ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குகிற வேலை. யாரிடமும் பேச வேண்டாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த அச்சகத்தில்தான் சுற்றுச்சூழல் மாத இதழ் ஒன்றும் அச்சானது. நடத்தியவர் ஒரு பள்ளிக்கூடத்தின் உயிரியல் ஆசிரியை. நாங்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்போம். அவர் எங்கள் எல்லோரையும், அச்சக முதலாளி உட்பட, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளாகவே நடத்துவார்.

ஒரு மாதம் இதழில் அரைப் பக்கம் காலியாக விழுந்தது. எதையாவது போட்டு நிரப்புங்கள் என்று சொல்லிவிட்டு டீச்சர் பள்ளிக்குப் போய்விட்டார். எங்கள் காகிதக் கட்டுகளுக்குள் குட்டி போட்டிருந்த அணிலைப் பற்றி நான் அரைப் பக்கம் கோர்த்து வைத்தேன். சாயங்காலம் வந்து படித்தவர், “பிழை ஒண்ணும் இல்லையே,” என்றார். அவரிடமிருந்து யாருக்கும் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு அதுதான். அன்றிலிருந்து மாதா மாதம் எழுதினேன்.

எழுதினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. நான் காகிதத்தில் எழுதுவதே கிடையாது. மனதில் இருப்பதை நேராக ஈயத்தில் கோர்த்துவிடுவேன். அதனால் என் கட்டுரையை அச்சுக்கு முன்னால் வேறு யாரும் படித்து, “இது உமக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்க வாய்ப்பே இல்லை. டீச்சர் மெய்ப்பு பார்ப்பார். அவர் பார்ப்பது ஒற்றுப் பிழையை. ஈயத்தில் ஏறி அச்சாகி வந்துவிட்டால் எதுவும் உண்மை போலவே இருக்கும். இதை நீங்கள் மறக்கக் கூடாது. உங்கள் கணினியிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு ஒரு கட்டுரை யோசித்திருந்தேன். வெடிச் சத்தத்தில் குளத்துப் பறவைகள் படும் பாடு பற்றி. ஏரலுக்குப் போகும் வழியில் ஓர் ஊர் இருக்கிறது. பெயர் வேண்டாம், அவர்கள் ஏற்கெனவே என்னால் பட்டது போதும். தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீர் வந்து நிற்கும் பெரிய குளம். குளத்துக்குள் கருவேல மரங்கள். ஐப்பசியில் அந்த மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் வக்காவும் இடைவெளியில்லாமல் கூடு கட்டியிருக்கும். ஊர் குளத்தங்கரையை ஒட்டியே இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் வெடி போடுவதில் பேர் போனவர்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். இதைவிட வேறென்ன வேண்டும்? தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே, “வெடி கேட்டு வெளிறிய பறவைகள்” என்று தலைப்பைக் கோர்த்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

தீபாவளி அன்று காலையிலிருந்து மத்தியானம் வரை குளத்துக்கரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வெடி இல்லை. ஓலைவெடி இல்லை, சரம் இல்லை, பிள்ளைகள் கையில் வைத்துச் சுடும் பொட்டுவெடிகூட இல்லை. பறவைகள் அதுபாட்டுக்குக் குச்சி கொண்டுவருவதும் சண்டை போடுவதுமாக இருந்தன. என் தலைப்பு பாழ்.

ஊருக்குள் ஒரு தடவை சங்குச் சத்தம் கேட்டது. ஏதோ கோயில் பூசை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் புதிதாக மொட்டை போட்ட தலையோடு, ஈர வேட்டியோடு கரையில் நடந்து போனார்கள். திருச்செந்தூருக்கு நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு வந்தவர்கள் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையைப் பார்த்தால் முதலில் திருச்செந்தூர்தான் நினைவு வரும். மாடு குளிப்பாட்டிக் கொண்டிருந்த ஒருவரிடம், “ஏன் அண்ணாச்சி, இங்கே யாரும் வெடி போடலையா?” என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேள்வியை மனதுக்குள் நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாகத் தோன்றியது. இந்த ஊர் பறவைகளுக்காக வெடியைத் துறந்திருக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மறுநாள் காலை அச்சகத்துக்குப் போய் ஒரே மூச்சில் ஒன்றரைப் பக்கம் கோர்த்தேன். அதில் ஒரு வரி இன்னும் நினைவில் இருக்கிறது: “முருக பக்தி மிகுந்த இவ்வூர் மக்கள், சின்னஞ்சிறு பறவையிலும் அவனையே காண்கிறார்கள்.”

டீச்சர் படித்துவிட்டு, பிழை இல்லை என்றார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் இதழைப் படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஒரு தினசரி அந்தக் கட்டுரையை எடுத்து மாவட்டச் செய்திப் பக்கத்தில் போட்டுவிட்டது. அதைப் பார்த்த ஓர் அதிகாரி, அந்த ஊருக்கே வந்து பாராட்டி ஒரு சான்றிதழ் கொடுப்பதாக அறிவித்துவிட்டார்.

நான்கைந்து நாள் கழித்து அச்சகத்துக்கு ஒருவர் வந்தார். தலையில் அரை விரற்கடை முடி முளைத்திருந்தது. கையில் அந்தத் தினசரி.

“இங்கன கொக்கு கட்டுரை எழுதுனது யாருவே?” என்று கேட்டார்.

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அச்சகத்தில் ஒற்றுமை என்பது அவ்வளவுதான்.

அவர் பெயர் சுடலைமுத்து. அன்று நான் பார்த்த மூன்று மொட்டைகளில் மூத்த மொட்டை. தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் அவருடைய அப்பா இறந்து போயிருக்கிறார். அப்பா சாதாரண ஆள் இல்லை. சுற்றுப்பட்டு ஊர்க் கோயில் கொடை விழாக்களில் எல்லாம் வேட்டுப் போடுகிறவர் அவர்தான். அவர் போட்ட வேட்டில் பக்கத்து ஊர் அம்மன் கோயில் மணி தானாக அடித்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர் போனதால், அவருக்கு மரியாதையாக ஊரே ஒரு வெடிகூடப் போடாமல் தீபாவளியைக் கழித்திருக்கிறது. நான் கேட்டது சாவுச் சங்கு. மொட்டை, அப்பாவுக்காக அடித்தது. ஆற்றில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தவர்களைத்தான் நான் முருக பக்தர்கள் ஆக்கியிருக்கிறேன்.

“எங்கய்யாவுக்கு ஊரு செஞ்ச மரியாதையத் தூக்கிக் கொக்குக்குக் குடுத்துட்டீரே வே,” என்றார் சுடலைமுத்து. அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “எங்கய்யா பேரு ஒரு எடத்துலயாவது இருக்கா? எங்க மொட்டை மட்டும் இருக்கு.”

திருத்தம் போட்டுவிடுகிறேன் என்று நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் போன அரைமணி நேரத்தில் அந்த ஊர்த் தலைவர் வந்தார். வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் சிரிப்பு. வந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதிகாரி வருகிறார் என்றதும் பல வருடமாகக் குண்டும் குழியுமாகக் கிடந்த சாலைக்குச் சரளைக் கல் வந்து இறங்கிவிட்டதாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொக்கு பற்றி ஒரு பாட்டே படித்துக் கொண்டிருக்கிறார்களாம். சுடலைமுத்து வந்துவிட்டுப் போனதைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“அண்ணாச்சி, நான் சொல்லுதைக் கேளும்,” என்றார், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். “இந்தத் தடவை போடாத வெடியையும் சேத்து அடுத்த தீபாவளிக்குப் போடணும்னு எளவட்டப் பயலுவ இப்பமே நாள் எண்ணுதானுவ. கொக்குக்காகத்தான்னு இருந்தா, பேர் கெட்டுருமேன்னாவது அடங்கிக் கெடப்பானுவ. நீரு திருத்தம் போட்டீருன்னா அந்தக் கொளத்துல ஒரு கொக்கு தங்காது. யோசிச்சுக்கிடும்.”

யோசித்தேன். ஒரு வாரம் சோறு இறங்காமல் யோசித்தேன். திருத்தம் போட்டால் பறவைக்குக் கேடு. போடாவிட்டால் செத்துப் போனவருக்கும் அவர் மகனுக்கும் அநியாயம். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். பொய் நல்ல வேலை செய்துகொண்டிருக்கும். உண்மை வந்தால் கெடுத்துவிடும் போல இருக்கும். அப்போது பொய்யின் பக்கம் நிறைய நியாயங்கள் கிடைக்கும். எனக்கு ஒரு வாரத்தில் பதினொன்று கிடைத்தது.

பதினொன்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போய் டீச்சரிடம் சொன்னேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார்.

“அந்த மாடு குளிப்பாட்டுனவர்கிட்ட ஏன் கேக்கல?”

“கூச்சமா இருந்துச்சு, டீச்சர்.”

“ஒங்க கூச்சத்துக்கு ஒருத்தரோட அப்பா கொக்காயிட்டாரு,” என்றார். “அடுத்த இதழ்ல திருத்தம் வரும். ஆனா அதுக்குள்ள அந்தச் சான்றிதழக் குடுத்துருவாங்க. அதனால விழாவுலயே நீங்க ஏறிச் சொல்லணும்.”

நானா என்று கேட்டேன். பின்னே அணிலா என்று கேட்டார்.

விழா அன்று குளத்துக்கரையில் பந்தல். நான் திருத்தத்தை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். இதழுக்கு எழுத ஆரம்பித்ததிலிருந்து நான் முதல் தடவையாகக் காகிதத்தில் எழுதியது அதுதான். டீச்சர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான் ஓடிவிடாமல் இருக்க. சுடலைமுத்து பந்தலுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் கொக்குப் பாட்டைப் பாடினார்கள்.

அதிகாரி நல்ல மனிதர். நிஜமாகவே நெகிழ்ந்து போயிருந்தார். மேடையில் வெறுமனே பேசாமல் மக்களோடு பேச வேண்டும் என்று மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டார். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. முன் வரிசையில் இருந்த ஓர் ஆச்சியிடம், “எப்பத்துல இருந்து பாட்டி இங்கே வெடி போடுறதில்ல?” என்று கேட்டு மைக்கை நீட்டினார்.

ஆச்சி மைக்குக்குள் நிதானமாகச் சொன்னார்: “அவுக செத்ததுல இருந்துய்யா.”

யார் செத்தது என்று அதிகாரி கேட்டார். ஆச்சி வாயைத் திறப்பதற்குள் தலைவர் குறுக்கே பாய்ந்து, “ஒரு நாரை, சார்,” என்றார். “ரொம்ப வயசான நாரை.”

அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. ஒரு பறவைக்காகத் துக்கம் காத்த ஊரா என்று கூட்டத்தைப் பார்த்து வியந்தார். பிறகு, படித்தவர் இல்லையா, “என்ன வயசு இருக்கும்?” என்று கேட்டார்.

தலைவர் பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார்: “எழுவத்திரெண்டு, சார்.”

“நாரைக்கா?”

அப்போதுதான் சுடலைமுத்து பந்தலுக்குள் வந்தார். நாற்காலிகள் தானாக விலகின. “ஏலே,” என்றார் தலைவரைப் பார்த்து. “எங்கய்யா நாரையாலே?”

தலைவர் அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார். சுடலைமுத்துவின் தம்பிகள் இரண்டு பேர் ஒரு பக்கமிருந்து வர, தலைவரின் மச்சான்கள் மறுபக்கமிருந்து எழுந்தார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதிகாரி நடுவில் மாட்டிக்கொண்டார். டீச்சர் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். லேசாகத்தான் தள்ளினார். ஆனால் நான் மைக் வரைக்கும் போய்விட்டேன்.

தாள் எங்கே போனதென்று தெரியவில்லை. மைக்கை வாங்கினதும் அது கீச்சென்று அலறியது. குளத்துப் பறவைகளில் பாதி எழும்பிப் பறந்தன. ஆனாலும் பேசினேன். என்ன பேசினேன் என்பதை டீச்சர் பிறகு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

“எல்லாம் என் தப்பு,” என்று சொன்னேனாம். “தீபாவளி அன்னைக்கு நான் இங்கே வந்தேன். மூணு பேரு மொட்டையோட போனாங்க. திருச்செந்தூர்னு நெனச்சேன். யாருகிட்டயும் கேக்கல. இவங்க அய்யா தவறுனதுக்காகத்தான் ஊரு வெடி போடல. கொக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கொக்கு சும்மா இருந்துச்சு.”

முதலில் சிரித்தது ஆச்சிதான். “திருச்செந்தூரா?” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு ஒவ்வொரு வரிசையாகச் சிரிப்பு பரவியது. சுடலைமுத்துவின் கடைசித் தம்பி தன் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார். அடிக்க வந்தவர்கள் சிரித்துவிட்டால் பிறகு அடிக்க முடியாது. இதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சுடலைமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அதிகாரியும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். பிறகு சுடலைமுத்துவிடம் பைய, மைக் இல்லாமல் கேட்டார்: “உங்க அப்பா விஷயம் தெரியாமப் போச்சு, மன்னிச்சுக்கோங்க. அடுத்த தீபாவளிக்கு வெடி போடுவீங்களா?”

தலைவர் சொன்னது நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழும்பின பறவைகள் ஒவ்வொன்றாக மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. சுடலைமுத்து ரொம்ப நேரம் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார்.

“எங்கய்யா திதி தீவாளிக்கு மொத நாளுதானய்யா வருது,” என்றார். “அடுத்த வருசமும் அப்படித்தான், அதுக்கடுத்த வருசமும் அப்படித்தான். திதி கும்பிட்ட மறுநா எவன் வெடி போட்டுருவான், பாத்துருதேன்.” இளவட்டங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார். “இது கொக்குக்காவ இல்ல, கேட்டீரா? அதையும் சேத்து எழுதும்.”

அதிகாரி சான்றிதழில் வாசகத்தை மாற்றி அனுப்புவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். அது வரவில்லை. பாவம், என்னவென்று மாற்றுவார்? சரளைக் கல்லை மட்டும் யாரும் திரும்ப எடுத்துப் போகவில்லை. சாலை போட்டாகிவிட்டது.

திருத்தம் அடுத்த இதழில் முதல் பக்கத்தில் வந்தது. சுடலைமுத்துவின் அப்பா பெயரைத் தலைப்பு எழுத்தில் கோர்த்தேன். கீழே அவர் மகன் சொன்னபடியே, கொக்குக்காக இல்லை என்றும் போட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் காகிதத்தில் எழுதி, ஏரல் பஸ்ஸில் போய், அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கோர்த்தேன். கூச்சம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். முப்பது வருடம் இந்த வேலை பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் நான்கு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். ஐந்தாவது தடவை வாயால் கேட்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த தீபாவளிக்கு டீச்சரும் நானும் அந்தக் குளத்துக்குப் போனோம். ஊர் அமைதியாக இருந்தது. கருவேல மரங்கள் பறவைகளால் வெள்ளையாக இருந்தன. பத்து மணி வாக்கில், ஊருக்கு மறுகோடியில், சுடுகாட்டுப் பக்கமிருந்து ஒரே ஒரு வேட்டு. காது அடைத்துப் போயிற்று. குளத்துப் பறவைகள் அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பி வானத்தை மறைத்தன. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒவ்வொன்றாக வந்து அதனதன் கூட்டில் உட்கார்ந்தன. பிறகு சத்தமே இல்லை.

கொஞ்ச நேரத்தில் சுடலைமுத்து கரை வழியே நடந்து வந்தார். கை விரலெல்லாம் கருமருந்து. நான் எழுந்து போய்க் கேட்டேன்.

“எங்கய்யாவுக்கு ஒண்ணாவது போடாண்டாமா?” என்றார்.

சரிதான் என்று எனக்கும் தோன்றியது. அந்த மாதக் கட்டுரையை இப்படித் தொடங்கினேன்: “இவ்வூரில் இந்த ஆண்டு தீபாவளிக்கு ஒரு வேட்டு போடப்பட்டது. பறவைகள் அனைத்தும் எழும்பின. அனைத்தும் திரும்பி வந்தன. காரணம் கேட்டு எழுதப்பட்டது.”

டீச்சர் மெய்ப்பைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். கடைசி வாக்கியம் கட்டுரைக்குத் தேவையில்லை என்றார். எனக்குத் தேவைப்படுகிறது டீச்சர் என்றேன். விட்டுவிட்டார்.